வேனில் நடந்த கொடுமை: எல்லையின் எந்தப் பக்கத்தில் புகார் கொடுப்பது?

கேள்வி: பெரியம்மா, சித்தூர் வட்டம்

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில், எல்லையை ஒட்டிய ஓர் ஊரில் மூன்று தலைமுறையாகக் குடியிருக்கும் தமிழ்க் குடும்பம். ஊரின் பெயரையும் மில்லின் பெயரையும் வேண்டுமென்றே எழுதவில்லை. அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியும் இருக்கிறேன்.

என் தங்கை மகளுக்கு 22 வயது. பொள்ளாச்சிப் பக்கம் ஒரு மில்லில் வேலை பார்க்கிறாள். மில் வேனில்தான் போய் வருவாள். கடைசியாக இறங்குகிறவள் அவள். நேற்று முன்தினம் இரவு மற்றப் பெண்கள் இறங்கிய பிறகு, வேன் ஓட்டுநர் பாதையை மாற்றி ஒரு தென்னந்தோப்புக்குள் வண்டியை நிறுத்தி அவளிடம் பாலியல் வன்கொடுமை செய்திருக்கிறான். அன்றிரவு யாரிடமும் பேசாமல் குளித்துவிட்டுப் படுத்துவிட்டாள். நேற்று மாலைதான் என்னிடம் சொன்னாள். விவரம் தெரியாமல் அவள் அம்மா சுடிதாரைத் துவைத்துப் போட்டுவிட்டாள்.

எங்கள் ஊர்ப் பாதை கேரளத்துக்குள்ளும் தமிழ்நாட்டுக்குள்ளும் மாறி மாறிப் போவது. அந்தத் தோப்பு எந்த மாநிலத்தில் இருந்தது என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. அவளிடம் கேட்காமலேயே அவள் அப்பா இங்கே ஒரு காவல் நிலையத்தில் போய் விசாரித்திருக்கிறார். "மில்லும் வண்டியும் தமிழ்நாடு, இடம் எதுவென்று தெரியாமல் இங்கே எழுத முடியாது, அங்கே போங்கள்" என்று அனுப்பிவிட்டார்கள். அவர் போய்வந்தது தெரிந்ததிலிருந்து அவள் யாரோடும் பேசவில்லை. புகார் வேண்டாம் என்று மட்டும் என்னிடம் சொல்கிறாள்.

முதலில் மருத்துவமனைக்குப் போவதா, காவல் நிலையத்துக்கா? எந்த மாநிலத்தில்? இங்கே மலையாளத்தில் எழுதுவார்கள். அவள் தமிழ் மீடியத்தில் படித்தவள். அவள் வேண்டாம் என்று சொல்லும்போது நாங்கள் வற்புறுத்துவது சரியா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1: அரசு மருத்துவமனைச் செவிலியர்

அக்கா, மற்ற எல்லாவற்றையும் ஒதுக்கி வைத்துவிட்டு, அவள் சம்மதித்தால் இன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். புகாரைப் பிறகு முடிவு செய்துகொள்ளலாம், சில மருந்துகள் அதுவரை காத்திருக்காது. எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. தொடங்கினால் 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். அவசரக் கருத்தடை மாத்திரையை ஐந்து நாள் வரை கொடுக்கலாம் என்றாலும் நாள் செல்லச் செல்ல அதன் பலன் குறையும். மற்றப் பால்வினைத் தொற்றுகளுக்கான மருந்தும், மஞ்சள் காமாலை பி வகைக்கான தடுப்பூசியும் அங்கேயே கிடைக்கும். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் 72 மணி நேரம் இன்னும் முடியவில்லை. ஆனால் நாளை மறுநாளைக்கு என்று தள்ளினால் முடிந்துவிடும்.

எந்த மாநிலம் என்று பார்க்க வேண்டாம். சித்தூரோ பாலக்காடோ பொள்ளாச்சியோ, எது பக்கமோ அங்கே போங்கள். அரசு மருத்துவமனையானாலும் தனியார் மருத்துவமனையானாலும், பாலியல் வன்முறைக்கு ஆளானவருக்கு உடனடியாக, கட்டணமின்றிச் சிகிச்சை அளித்தே ஆக வேண்டும். மறுத்தால் அது தண்டனைக்குரிய குற்றம். "முதலில் எஃப்.ஐ.ஆர். கொண்டு வாருங்கள்" என்று யாராவது சொன்னால், அப்படி ஒரு நிபந்தனை சட்டத்தில் கிடையாது என்று நிதானமாகச் சொல்லுங்கள். மருத்துவமனை தன் பங்குக்குக் காவல்துறைக்குத் தகவல் தர வேண்டியிருக்கும். இதை அவளிடம் மறைக்காமல் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அதே நேரத்தில், தனக்கு இப்போது வழக்கு வேண்டாம், சிகிச்சை மட்டும் போதும் என்று அவள் சொன்னால், அதை ஆவணத்தில் எழுதிக்கொண்டு சிகிச்சை தர வேண்டும் என்றுதான் மத்தியச் சுகாதாரத் துறையின் 2014 வழிகாட்டுதல் சொல்கிறது.

குளித்துவிட்டாள், துணியைத் துவைத்தாகிவிட்டது என்பதற்காகப் பரிசோதனையே வீண் என்று நினைத்துவிடாதீர்கள். நான்கு நாள் வரைக்கும் மாதிரி எடுக்கிறோம்; காயங்களும் சிராய்ப்புகளும் அதற்குப் பிறகும் தெரியும். அன்று உடுத்திய உள்ளாடையோ துப்பட்டாவோ துவைக்காமல் கிடந்தால் அப்படியே எடுத்து வாருங்கள். பிளாஸ்டிக் பையில் போடக் கூடாது, உள்ளே ஈரம் கோத்துத் தடயம் கெட்டுவிடும். ஈரமாக இருந்தால் நிழலில் உலர்த்தி, தனித்தனியாகச் செய்தித்தாளில் சுற்றிக் காகிதப் பையில் வையுங்கள். துவைத்த சுடிதாரையும் சேர்த்துக் கொண்டுவாருங்கள்; கிழிசல் இருந்தால் அதுவும் சாட்சிதான். மாற்றுடை ஒன்றையும் மறக்காதீர்கள்.

பரிசோதனையின் ஒவ்வொரு கட்டத்திலும் அவளுடைய சம்மதம் கேட்க வேண்டும்; ஒன்றுக்குச் சம்மதித்து மற்றொன்றை மறுக்கவும் அவளுக்கு உரிமை உண்டு, அதனால் சிகிச்சை நிற்காது. பெண்ணுறுப்பில் விரல் நுழைத்துப் பார்க்கும் 'இரு விரல் பரிசோதனை' என்ற கேவலமான வழக்கத்தை உச்ச நீதிமன்றம் 2013ஆம் ஆண்டே கண்டித்தது. 2022 அக்டோபரில், இனி அதைச் செய்பவர் முறைகேடு புரிந்தவராகக் கருதப்படுவார் என்றே தீர்ப்பளித்தது. யாராவது அதற்கு முற்பட்டால் மறுத்துவிடுங்கள். பெண் மருத்துவர் இல்லையென்றால், ஆண் மருத்துவர் ஒரு பெண் உதவியாளரை அருகில் வைத்துக்கொண்டுதான் பரிசோதிக்க வேண்டும். அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்குங்கள். அதற்குக் கட்டணம் இல்லை. கேரளத்தில் அரசு மருத்துவமனைகள் பலவற்றில் 'பூமிகா' என்ற பெயரில் ஆலோசகர் இருக்கிறார், போனதும் அவரைக் கேளுங்கள். மொழி ஒரு தடையாக இருக்காது. எல்லையோர மருத்துவமனைகளில் தமிழ் தெரியாத செவிலியர் அபூர்வம்.

பதில் 2: வழக்கறிஞர், பொள்ளாச்சி

அம்மா, செவிலியர் சொன்னதை முதலில் செய்துவிடுங்கள். அதன்பின் படிப்பதற்காக இதை எழுதுகிறேன்.

அந்தக் காவல் நிலையத்தில் சொன்னது சட்டப்படி தவறு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு, குற்றம் எந்த எல்லைக்குள் நடந்திருந்தாலும் புகாரைப் பெற்றுப் பதிவு செய்ய வேண்டும் என்று நேரடியாகவே சொல்கிறது. இதைத்தான் ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்கிறோம். பதிவு செய்த நிலையம், இடம் எதுவென்று தெரிந்த பிறகு, உரிய நிலையத்துக்கு அதை அனுப்பிவைக்கும். தோப்பு யாருடைய எல்லைக்குள் வருகிறது என்று கண்டுபிடிப்பது புலனாய்வு அதிகாரியின் வேலை. இருட்டில், அச்சத்தில் உறைந்திருந்த பெண்ணின் வேலை அல்ல. நீதிமன்றத்தைப் பொறுத்தும் அவள் கலங்கத் தேவையில்லை. குற்றம் எந்த எல்லைக்குள் நடந்தது என்று நிச்சயமாகத் தெரியாதபோதும், பயணத்தின் இடையில் நடந்திருந்தபோதும், சம்பந்தப்பட்ட எந்தப் பகுதியின் நீதிமன்றமும் விசாரிக்கலாம் என்று சட்டத்தில் வழி இருக்கிறது. நம் எல்லையோரப் பாதைகளுக்கென்றே எழுதியது போன்ற ஏற்பாடு அது.

இத்தகைய குற்றத்தில் புகாரைப் பதிவு செய்ய மறுக்கும் அதிகாரிக்கு, பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 199ஆம் பிரிவின்படி ஆறு மாதத்துக்குக் குறையாத, இரண்டு ஆண்டு வரையிலான கடுங்காவல் உண்டு. அங்கே போய்ச் சண்டை போடுவதற்காக இதைச் சொல்லவில்லை. மீண்டும் மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் புகாரை அனுப்பலாம், அதுவும் நடக்காவிட்டால் நீதித்துறை நடுவரிடம் மனு கொடுக்கலாம் என்பதைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். மின்னஞ்சல் வழியாகவும் புகார் கொடுக்கலாம். அப்படியானால் மூன்று நாளுக்குள் கையெழுத்திட வேண்டும்.

அவளுடைய புகாரை ஒரு பெண் அதிகாரிதான் பதிவு செய்ய வேண்டும். பிறகு எடுக்கும் வாக்குமூலத்தை அவள் வீட்டிலோ அவள் தேர்ந்தெடுக்கும் இடத்திலோ, அவளுக்கு வேண்டியவர் முன்னிலையில் எடுக்க வேண்டும். தமிழ்நாட்டுப் பக்கம் போவதாக இருந்தால் பொள்ளாச்சியில் அனைத்து மகளிர் காவல் நிலையம் உள்ளது. கேரளத்தில் கொடுப்பதாக இருந்தால், புகாரை அவள் சொற்களிலேயே தமிழில் எழுதிக் கொடுக்கட்டும். உங்கள் மாநிலத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டமே, மொழிச் சிறுபான்மைப் பகுதிகளாக அறிவிக்கப்பட்ட இடங்களில் உள்ள அரசு அலுவலகங்களுக்குத் தமிழிலும் கன்னடத்திலும் எழுத உரிமை தந்திருக்கிறது. காவலர்கள் மலையாளத்தில் எழுதினால், வரிவரியாகத் தமிழில் படித்துக் காட்டச் செய்து, அவள் சொன்னதுதான் அதில் இருக்கிறது என்று அவளுக்கு உறுதியான பிறகே கையெழுத்திடச் சொல்லுங்கள். எழுத வேண்டியதை விட்டுவிட்டோ "தவறாக நடந்துகொண்டான்" என்று மழுப்பியோ எழுதியிருந்தால், திருத்தச் சொல்லத் தயங்க வேண்டாம். பின்னாளில் குறுக்கு விசாரணையில் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் கேள்வி வரும். முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகத் தர வேண்டும்.

தாமதத்தைப் பற்றியும் ஒரு சொல். புகார் கொடுக்கச் சில நாள் ஆனது என்பதற்காக மட்டும் வழக்கு விழுந்துவிடாது என்று 1996ஆம் ஆண்டு குர்மீத் சிங் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் விளக்கிவிட்டது. பாதிக்கப்பட்ட பெண்ணின் சாட்சியம் நம்பும்படி இருந்தால் வேறு ஆதாரம் தேடத் தேவையில்லை என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. ஆகவே அவள் யோசிக்க எடுத்துக்கொள்ளும் நேரத்தைக் கண்டு பதற வேண்டாம். இவையெல்லாம் 18 வயது நிரம்பியவருக்கு. அதற்குக் குறைந்தவராக இருந்தால் போக்சோ சட்டப்படி தகவல் தெரிந்த எவரும் புகார் செய்தே ஆக வேண்டும்.

பதில் 3: ஓய்வு பெற்ற ஆசிரியர், வேலந்தாவளம்

சகோதரி, என் வயதில் பல குடும்பங்களைப் பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். வழக்கு என்று இறங்கினால் ஆண்டுக்கணக்கில் இழுக்கும். ஊர் வாயை மூட முடியாது, நாளைக்குக் கல்யாணப் பேச்சு வரும்போது அதுவே முன்னால் வந்து நிற்கும். மருத்துவம் பாருங்கள், அந்த ஓட்டுநரை வேலையை விட்டு நீக்கச் செய்யுங்கள். அதற்கு மேல் போவதால் பெண்ணுக்கு என்ன நன்மை என்று குடும்பத்தோடு உட்கார்ந்து யோசியுங்கள்.

பதில் 4: ஆலோசகர், பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களோடு பணிபுரிபவர்

ஐயா, உங்கள் அக்கறையை மதிக்கிறேன். ஆனால் நீங்கள் சொன்ன முடிவில் அந்த ஓட்டுநர் வேறொரு மில்லில் வேறொரு வேனை ஓட்டுவான். கடைசியாக இறங்கும் பெண் அங்கேயும் ஒருத்தி இருப்பாள். "ஊர் என்ன சொல்லும்" என்ற அச்சம்தான் இத்தகையவர்களுக்கு இத்தனை காலமும் வேலியாக இருந்து வந்திருக்கிறது. ஒரு கும்பல் பெண்களைப் படம் பிடித்து மிரட்டிப் பாலியல் வன்கொடுமை செய்த பொள்ளாச்சிக் கொடுமை 2019இல் வெளிவந்தபோது புகார் கொடுத்த பெண்ணின் பெயரைக் காவல் அதிகாரியே செய்தியாளர்களிடம் சொன்னார், உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதற்காக 25 லட்சம் ரூபாய் இழப்பீடு தர உத்தரவிட்டது. அவ்வளவுக்குப் பிறகும் அந்தப் பெண்கள் மூடிய நீதிமன்றத்தில் சாட்சியம் சொன்னார்கள். சாட்சிகளில் ஒருவரும் பிறழவில்லை. 2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் குற்றவாளிகள் ஒன்பது பேருக்கும் சாகும் வரை ஆயுள் தண்டனை விதித்து, பாதிக்கப்பட்டவர்களுக்கு மொத்தம் 85 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. நம் வட்டாரத்தில், நம் வீட்டுப் பெண்களைப் போன்றவர்கள் செய்துகாட்டியது இது.

அக்கா, வற்புறுத்தலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். அன்றிரவு அவளுடைய விருப்பம் என்ற ஒன்று இருப்பதாகவே அவன் கருதவில்லை. அவளைக் கேட்காமல் அவள் அப்பா நிலையத்துக்குப் போனதும், எவ்வளவு பாசத்தோடு செய்திருந்தாலும், அவளுக்கு அதே இடத்தில்தான் வலித்திருக்கும். அவரை அவளிடம் வந்து, "உன்னைக் கேட்காமல் போனது தப்பு, இனி நீ சொல்லாமல் எதுவும் செய்ய மாட்டேன்" என்று சொல்லச் சொல்லுங்கள். அழுது புலம்ப வேண்டாம், அந்த இரண்டு வாக்கியம் போதும். இப்போது அவள் "வேண்டாம்" என்று சொல்வது பெரும்பாலும் அடுத்து என்ன நடக்கும் என்று தெரியாத அச்சம். மேலே இரண்டு பேர் எழுதியதை அவளிடமே கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். தெரிந்துகொண்ட பிறகு அவள் எடுக்கும் முடிவு எதுவானாலும் அதன் பக்கம் நில்லுங்கள்.

வீட்டில் ஏன் கத்தவில்லை, ஏன் இறங்கி ஓடவில்லை, ஏன் அன்றே சொல்லவில்லை என்று ஒருவரும் கேட்கக் கூடாது. பேரச்சத்தில் உடம்பு கட்டையாகிப் போவது இயல்பு; குரல் எழும்பாததைச் சம்மதம் என்று சட்டமும் எடுத்துக்கொள்வதில்லை. நடந்ததைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைக்காதீர்கள். அத்தை, மாமா என்று ஒவ்வொருவராக வந்து பார்ப்பதை நிறுத்துங்கள். அவள் கைப்பேசியைப் பிடுங்கி வைப்பது, வேலையை விடச் சொல்வது, அவசரமாக வரன் தேடுவது எல்லாமே அவளுக்கு மேலும் தண்டனையாகவே படும். அவள் பக்கத்தில் உட்காருங்கள். தொடுவதற்கு முன் கேளுங்கள். ராத்திரி விளக்கை அணைக்க வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். சாப்பாடு இறங்காமலும் தூக்கம் பிடிக்காமலும் சில வாரம் இருக்கலாம். உயிரை மாய்த்துக்கொள்ளும் பேச்சு ஒரு முறை வந்தாலும் தனியே விடாமல், 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் பேசுங்கள், தமிழில் பேசுவார்கள். பெண்களுக்கான 181 இரு மாநிலத்திலும் இரவு பகலாக இயங்குகிறது. தங்க இடம், ஆலோசனை, காவல் நிலையத்துக்குத் துணை என எல்லாவற்றுக்கும் மாவட்டத்தில் 'சகி' மையம் இருக்கிறது. கேரளத்தில் பெண்கள் சுய உதவி இயக்கமான குடும்பஸ்ரீயின் 'ஸ்நேகிதா' உதவி மையமும் உண்டு.

ஒரு வேண்டுகோள்: கேள்வியில் இருக்கும் வயதையும் வேலை விவரத்தையும் இன்னும் கொஞ்சம் மாற்றிவிடுங்கள். பாதிக்கப்பட்டவரின் பெயரை மட்டுமல்ல, அவரை அடையாளம் காட்டும் எதையும் வெளியிடக் கூடாது என்பதே சட்டம்.

கேள்வி கேட்டவர்: பெரியம்மா

எல்லோருக்கும் கையெடுத்துக் கும்பிடுகிறேன். நேற்று மாலையே மருத்துவமனைக்குப் போய்விட்டோம். பெண் மருத்துவர்தான் பார்த்தார். ஒவ்வொன்றையும் அவளிடம் கேட்டுக் கேட்டுச் செய்தார். மாத்திரைகள் தொடங்கியாகிவிட்டது. துப்பட்டா துவைக்காமல் அவள் பைக்குள்ளேயே இருந்தது; காகிதத்தில் சுற்றிக் கொடுத்தோம். இரவு அவளே கைப்பேசியை வாங்கி இந்தப் பதில்களையெல்லாம் படித்தாள். காலையில், "பெரியம்மா, நான் எழுதித் தருகிறேன், ஆனால் அப்பா வேண்டாம், நீங்கள் மட்டும் வாருங்கள்" என்றாள்.

இப்போது வேறொரு தொல்லை. மில்லிலிருந்து ஒருவர் வந்து, ஓட்டுநர் ஒப்பந்தக்காரரின் ஆள், மில்லுக்குச் சம்பந்தமில்லை, ஒரு தொகை தருகிறோம், பேசி முடித்துக்கொள்வோம் என்கிறார். வழக்கறிஞர் தம்பி இதற்கும் பதில் சொல்ல வேண்டும்.

பதில் 5: வழக்கறிஞர், பொள்ளாச்சி

அம்மா, வந்தவரிடம் எதிலும் கையெழுத்திடாதீர்கள், பணத்தைத் தொடாதீர்கள். எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு, யார் வந்து என்ன சொன்னார் என்று எழுதி வையுங்கள்; மீண்டும் வந்தால் அதையும் புகாரில் சேர்ப்போம். இது சமரசத்துக்கு இடமில்லாத குற்றம்.

சம்பந்தமில்லை என்று மில் நழுவ முடியாது. பணியிடத்தில் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம், நிர்வாகம் ஏற்பாடு செய்யும் வாகனத்தையும் பணியிடம் என்றே கணக்கில் கொள்கிறது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் இத்தகைய புகார்களை விசாரிக்கும் உள்ளகக் குழு இருக்க வேண்டும். மூன்று மாதத்துக்குள் அங்கே எழுத்துமூலம் புகார் கொடுக்கலாம். விசாரணை நடக்கும்போது அவளுக்கு மூன்று மாதம் வரை விடுப்புத் தரப் பரிந்துரைக்கக் குழுவுக்கு அதிகாரம் உண்டு. பணத்தை அடிப்படையாக வைத்துச் சமாதானம் பேசக் கூடாது என்று அந்தச் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. காவல்துறையில் புகார் கொடுக்க அவள் விரும்பினால் உதவ வேண்டியது நிர்வாகத்தின் கடமை. உள்ளகக் குழுப் புகார் போலீஸ் புகாருக்கு மாற்று அல்ல, இரண்டும் தனித்தனியே நடக்கும். அங்கே கொடுத்தால் போதும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

பணம் தேவை என்றால் அது உரிமையாகவே வரும். தேசியச் சட்டப்பணிகள் ஆணையத்தின் 2018ஆம் ஆண்டுத் திட்டத்தில், பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவருக்கு 4 லட்சம் முதல் 7 லட்சம் ரூபாய் வரை இழப்பீடு உண்டு. தீர்ப்பு வரும்வரை காத்திருக்காமல் இடைக்கால உதவியும் கேட்கலாம். மனுவை மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் கொடுக்க வேண்டும். வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு இலவச வழக்கறிஞர் கிடைப்பார்; 15100 என்ற எண்ணில் கேளுங்கள்.

மகள் தானே எழுதட்டும். இலக்கணம் பார்க்க வேண்டாம், நீங்கள் திருத்தவும் வேண்டாம். வேனில் ஏறிய நேரம், கடைசியாக இறங்கிய பெண் யார், வண்டி எங்கே திரும்பியது, வழியில் கண்ணில் பட்ட கோயிலோ செக்போஸ்ட்டோ பெட்டிக்கடையோ, அவன் சொன்ன சொற்கள், எப்போது வீடு வந்தாள் என்று நினைவில் உள்ளதை நினைவு வரும் வரிசையில் எழுதினால் போதும். நினைவில் இல்லாததை "நினைவில்லை" என்றே எழுதலாம். மூன்று நகல் எடுத்து, மருத்துவ அறிக்கையின் நகலோடும் ஆதார் அட்டையோடும் நாளைக் காலை பத்து மணிக்கு அவள் எந்த நிலையத்தைத் தேர்ந்தெடுக்கிறாளோ அங்கே வாருங்கள். எது என்று இன்றிரவே தெரிவித்தால், அந்தப் பக்கத்தில் வழக்காடும் ஒரு பெண் வழக்கறிஞரைத் துணைக்கு வரச் சொல்கிறேன்.